வால் நறுக்கிய படகு

துலெகென் கடைசியாகக் குறை சொன்னது பெட்ரோல் டப்பாவின் மூடியைப் பற்றி. மூடி சரியாக உட்காராமல் கசிகிறது, படகெல்லாம் நாறுகிறது, வீட்டுக்கு வந்து குடிக்கிற தேநீரில்கூட அந்த வாடைதான் என்றான். அவன் மனைவி ரிஸ்தி ஒரு பழைய தலைத்துணியைக் கிழித்து, மூடிக்குள் மடித்து வைத்து, இறுக்கித் திருகிக் கொடுத்தாள். அவன் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தான். சொட்டவில்லை. இதைப் போன வருஷமே செய்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே உப்புத் தேநீரின் கடைசி மிடறை விழுங்கி, கிண்ணத்தைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

வழக்கமாக அவளும் கூடப் போவாள். அவன் பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடிப்பான், அவள் நடுப்பலகையில் உட்கார்ந்து வலையை இறக்குவாள். அன்றைக்குக் கொட்டகையில் கெண்டை புகைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. சக்சவுல் விறகு சட்டென்று கொழுந்துவிடும், ஒரு கணம் அசந்தால் மீன் கரியாகிவிடும். அதனால் நின்றுவிட்டாள். பால்காஷ் ஏரியில் பனிப்பாளம் உடைந்து ஒதுங்கி அதிக நாள் ஆகவில்லை. முந்தின நாள் காற்றில் வலை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவருவதுதான் அவன் வேலை.

அவர்களுடைய தண்ணீருக்குப் பக்கத்துத் தண்ணீர் ஜுமாஷுடையது. நாணல் தீவுகளுக்கு நடுவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரின் கூட்டு மீன்பண்ணை ஒரு நீளப் பட்டையை ஒதுக்கியிருந்தது. ஊரில் அதைத் தண்ணி என்றே சொல்வார்கள். துலெகெனின் எஞ்சின் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி முனகிக்கொண்டே இருப்பதைக் கேட்டு ஜுமாஷ் போய்ப் பார்த்தான். படகு பட்டையின் கோடியில் நாணலுக்குள் மூக்கைச் செருகி நின்றது. துலெகென் எஞ்சின்மேல் கன்னத்தை வைத்து, அது என்ன சொல்கிறது என்று கேட்கிறவனைப் போலச் சாய்ந்திருந்தான். இதயம் என்றார் வைத்தியர். முதல் மிதவையிலிருந்து நாணல்வரை படகு பிடி தளர்ந்த கையோடு தானாக வந்திருக்கிறது, ஆனால் நூல் பிடித்தாற்போல் நேராக வந்திருக்கிறது, ஒரு மிதவையைக்கூட உரசவில்லை என்று ஜுமாஷ் சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அதைக் கேட்டபோது துலெகெனின் தம்பி போரன்பாய் எழுந்து வெளியே போனான்.

போரன்பாய் பண்ணையின் குதிரைகளை மேட்டு நிலத்தில் மேய்ப்பவன். ஏரியில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. மணமாகி வந்த நாள்முதல் ரிஸ்தி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புருஷன் வீட்டாரைப் பேர் சொல்வது வழக்கமில்லை என்பதால் "சின்னவன்" என்று ஒரு பெயர் வைத்தாள். அந்தச் சின்னவன் நிலைப்படியில் குனிந்துதான் வீட்டுக்குள் வருவான்.

ரிஸ்தி உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வருகிறவர்கள் வரும்போதெல்லாம் ஒப்பாரி பாடினாள். காலையிலும் மாலையிலும் யாரும் வராதபோதும் பாடினாள். வெளியில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஏழாம் நாள் படித்துறைப் பக்கமிருந்து ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. சமையலுக்கு விறகு என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் மீன் முட்டையிடும் காலம் வந்துவிட்டது, அது முடியும்வரை வலைபோடத் தடை. கோடை முழுக்கப் படகைச் சாமான் ஏற்றத்தான் எடுத்தாள். மாவு மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் அக்கரைக்குப் போய்வந்தாள். வேகமாக விட்டால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராகவே ஓடியது. துணைக்கு ஓரகத்தி கலம்பிர் வந்திருந்தாள். போரன்பாயின் மனைவி. குதிரைக் கூடாரத்தை விட்டுவிட்டு, துக்க வருஷம் முடிகிறவரை அக்காவோடுதான் இருப்பேன் என்று சொல்லி மூட்டையோடு வந்து இறங்கியவள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய்.

காற்று குளிர ஆரம்பித்ததும் கெண்டை ஓட்டம் தொடங்கியது. பண்ணையின் அணித்தலைவர் ஒராஸ்பெக் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, பொரித்த மாவுருண்டையைக் கிண்ணத்தில் தோய்த்துத் தின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தார். தண்ணீரை அவள் பேரிலேயே வைப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பட்டைகள் நெருக்கம். வலை நேராக விழவேண்டும். விழாவிட்டால் பக்கத்து வலையோடு பின்னிக்கொண்டு இரண்டு பேர் மீனும் போகும். முடியவில்லை என்றால் சொல்லிவிடு, உப்புக் கொட்டகையில் இடம் இருக்கிறது என்றார். ரிஸ்திக்கு அந்தக் கொட்டகை தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே நின்று மீனுக்கு உப்புப் போட்டவள்தான். விரல் வெடிப்புக்குள் உப்பு இறங்கினால் ராத்திரியெல்லாம் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கவேண்டும். வலை நேராகவே விழும் என்று சொன்னாள்.

விழவில்லை.

வலை இறக்குவதற்குப் படகு நடை வேகத்தில் போகவேண்டும். எஞ்சினை அந்த வேகத்துக்கு இறக்கிய உடனே படகு மூக்கை இடப்பக்கம் திருப்பியது. கைப்பிடியைத் திருப்பினாள். படகு கேட்காததுபோல் இருந்தது. இன்னும் திருப்பினாள். அப்போது கேட்டது, கேட்டதோடு நிற்காமல் வலப்பக்கம் பாய்ந்தது. அதை மடக்கினாள். மறுபடி இடப்பக்கம். நடுவில் உட்கார்ந்து வலையை இறக்கிய கலம்பிர், பின்னால் மிதவைகள் விழுகிற அழகைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததே போதும், எவ்வளவு மோசம் என்று ரிஸ்திக்குத் தெரிந்துவிட்டது. அறுத்துக் கொட்டிய ஆட்டுக்குடல் மாதிரி வலை கிடந்தது. மறுநாள் அதன் வயிறு ஜுமாஷின் வலைக்குள் போய்ப் பின்னியிருந்தது.

பிரித்தெடுக்க நாள் முழுக்க ஆனது. ஜுமாஷ் திட்டவில்லை, அனுதாபப்பட்டான், அதுதான் எரிந்தது. படகுக்கு எசமானன் போன துக்கம், அது அவனைத் தேடி அலைகிறது என்றான். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. வேகமாக விட்டால் நேராகப் போகிறது, அதனால் எஞ்சினில் கோளாறில்லை, படகிலும் கோளாறில்லை என்றார் ஒராஸ்பெக். மீதி என்ன என்று அவர் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை போட்டுப் பார், அதற்குப் பிறகு தண்ணீர் ஜுமாஷின் மருமகனுக்கு என்று மட்டும் சொன்னார்.

ரிஸ்தியும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். படகு புதிதாக வந்தபோதும் இப்படித்தான் அலைந்தது. தட்டை அடி, வழவழத்த அலுமினியம்; வேகத்தில் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகப் போனால் பின்பக்கம் எதையும் பற்றிக்கொள்ளாமல் வழுக்கும். அதற்காகத்தான் துலெகென் பழைய டிராக்டரின் சக்கர மூடியிலிருந்து ஒரு தகட்டை வெட்டி, மீனின் துடுப்புபோலப் படகின் பின்னடியில் நிறுத்தித் தறையாணி அறைந்தான். அன்றோடு அலைச்சல் நின்றது. அந்தத் தகடுதான் இருக்கிறதே. அப்படியானால் கைதான் காரணம்.

கையைப் பழக்குவதற்கு யார் கண்ணிலும் படாத நாணல் வளைவுக்குள் இருவரும் போனார்கள். வலை இல்லாமல், மெதுவாக, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. கலம்பிர் இப்போது பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ரிஸ்தியின் கையையே பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? கோவப்படாத."

"நீ சொல்லாம இருந்தாதான் பயமா இருக்கு."

"எங்க வீட்டுக்காரர நான் கூப்பிடுறது மாதிரியே நீ படகக் கூப்பிடுற. ஒரு தடவ கூப்பிட்டா அந்த மனுசன் காதுல விழுந்து, யோசிச்சு, கால நீட்டி, எந்திரிக்கவே நேரம் ஆகும். நான் அதுக்குள்ள நாலு தடவ கத்திடுவேன். எந்திரிச்சு வந்துட்டு இருந்த ஆளு கோவிச்சுட்டு வேற பக்கம் போயிடும்."

"அதுக்கு?"

"ஒரு தடவ கூப்பிடு. அப்புறம் சும்மா இரு."

"நீ அப்படிச் சும்மா இருந்திருக்கியா?"

"நான் எங்க இருந்தேன். அதான் இந்த வயசுலயும் கத்திட்டு இருக்கேன்."

ரிஸ்தி சிரித்தாள். பனி உடைந்த காலத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். கைப்பிடியை ஒரு விரற்கடை திருப்பிவிட்டுக் காத்திருந்தாள். படகு யோசித்தது, பிறகு வந்தது. வர ஆரம்பித்த உடனே, அது வந்து முடிவதற்கு முன்னாலேயே, கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். அலைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பாதி மீதம் இருந்தது. பின்பக்கம் எண்ணெய்ப் பாத்திரம்போல வழுக்கிக்கொண்டுதான் வந்தது. இந்தப் பாதியோடு ஜுமாஷின் வலைக்குப் பக்கத்தில் போகமுடியாது.

எஞ்சின் அடியில் தண்ணீருக்குள் சுழலும் காற்றாடியில் பாசி சுற்றிக்கொண்டது. எஞ்சினைத் தூக்கிவிட்டு, படகின் மூக்கை மணலில் ஏற்றினார்கள். ரிஸ்தி முழங்கால் தண்ணீரில் நின்று, பாசி அடியிலும் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவினாள். தகடு இருக்கவேண்டிய இடத்தில் தாரின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியது. மறுபடி தடவினாள். ஆணித்தலைகளை அறுத்த கீறல்கள், தார் வைத்து அடைத்த ஆணித்துளைகள். அந்த ஆணிகளைத் துலெகென் அறைந்தபோது மறுபக்கத்தில் சுத்தியலை முட்டுக்கொடுத்துப் பிடித்தவள் அவள்தான். ஒவ்வொரு அடியும் தோள்வரை அதிர்ந்தது.

அவள் நிமிர்ந்து கலம்பிரைப் பார்த்தாள். கலம்பிர் நாணலைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா. ஆனா அது எதுக்கு இருக்குன்னு சத்தியமாத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

ஏழாம் நாள் கேட்ட ரம்பச் சத்தம் ரிஸ்தியின் காதில் மறுபடி ஓடியது. சொல்லவேண்டியவன் வருவான் என்றாள் கலம்பிர்.

வாரக் கடைசியில் போரன்பாய் வந்தான். குதிரைப் பால் தோற்பையைக் கதவருகே மாட்டிவிட்டு, குனிந்து உள்ளே வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் உட்காராமல் நின்றான். கலம்பிர் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் போன பிறகு ரிஸ்தி கேட்டாள்.

"சின்னவனே, படகுக்கு அடியில இருந்தத என்ன பண்ண?"

அவன் மறைக்கவில்லை. திரும்பிப் போய்ச் சேணப்பையிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். பிரித்தால், தகடு. துடைத்து, எண்ணெய் தடவி, கத்தியைப் பாதுகாப்பதுபோல வைத்திருந்தான்.

"அண்ணனுக்குக் குதிரை இல்ல அண்ணி," என்றான். "ஆம்பள செத்தா அவன் ஏறுன குதிரைக்கு வாலையும் பிடரியையும் நறுக்கி, வருசம் முடியிறவரைக்கும் யாரும் ஏறாம விடணும். நம்ம அப்பனுக்கு நான்தான் நறுக்கினேன். அண்ணனுக்கு எத நறுக்க? செத்த மனுசன ஒரு மிதவையில முட்டாமக் கொண்டுவந்து சேத்துச்சே, அது குதிரை இல்லாம வேற என்ன? யாரும் ஏறாம விடுங்கன்னு சொல்லமுடியல, பண்ணைப் படகு. இந்தத் தகடு அண்ணன் கையால வச்சது, பின்னாடி இருந்துச்சு. அதையாவது நறுக்குவோம்னு தோணுச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"நீங்க சுவரப் பாத்து உக்காந்திருந்தீங்க."

தேநீரில் பாலாடை படிந்தது. போரன்பாய் தரையைப் பார்த்தபடி, வலை பின்னிக்கொண்ட கதை தன் காதுக்கும் வந்தது என்றான். படகு துக்கத்தில் அலைகிறது என்று ஊர் சொன்னபோது, தான் செய்தது சரிதான் என்று மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது என்றான். இப்போதுதான் புரிகிறது, அண்ணன் தண்ணீரை நானே பறித்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன் என்றான். சுத்தியலும் ஆணியும் எடுங்கள், இப்போதே அறைந்துவிடுகிறேன் என்று எழுந்தான்.

ரிஸ்தி தகட்டைத் தூக்கிப் பார்த்தாள். அறைந்தால் நாளைக்கே படகு நேராகப் போகும். தண்ணீர் நிலைக்கும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் ஊருக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். வருஷம் பாதி போவதற்குள் அண்ணனுடைய குதிரைக்குத் தன் கையாலேயே வாலை ஒட்டவைத்தவன் என்று மேட்டு நிலத்தில் தனியாகக் குதிரைகளுக்கு நடுவே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பான்.

தகட்டைத் துணியில் சுற்றி அவனிடமே நீட்டினாள்.

"வருசம் முடியட்டும்."

"அண்ணி, தண்ணி போயிடும்."

"போகாது. நான் சுவரப் பாத்து, நாள் முழுக்கப் பாடி, என் துக்கத்த இறக்கி வச்சேன். உனக்குப் பாட்டும் கிடையாது, அழக்கூட எந்திரிச்சு வெளிய போகணும். நீ ரம்பத்த எடுத்த. அத நான் பாதியில மறிச்சா நல்லா இருக்காது. உக்காரு, தேநீர் ஆறுது."

அவன் உட்கார்ந்தான். கிண்ணத்தை எடுத்தான். குடிக்கும்போது தோள் குலுங்கியது. அவள் பார்க்காததுபோல் அடுப்பைக் கிளறினாள்.

தகடு செய்த வேலையைத் தகடு இல்லாமல் எது செய்யும் என்பதுதான் இனிக் கேள்வி. அது ஒன்றும் பெரிய கேள்வியாக ரிஸ்திக்குத் தோன்றவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாதவரைதான் பயம். தகடு படகைத் தள்ளவில்லை, திருப்பவில்லை. பின்பக்கத்தை வழுக்காமல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்படியானால் பின்னால் தண்ணீரைப் பிடிக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். முதலில் கம்பளித் துண்டைச் சுருட்டிக் கட்டி இழுத்தாள். ஊறியதும் அடியில் போய் மண்ணைத் துழாவியது. சங்கிலியைக் கட்டினாள், பாசியை வாரியது. மூன்றாவதாகக் கொட்டகை வாசலில் சாம்பல் அள்ளக் கிடந்த வாளியை எடுத்தாள். அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியே தண்ணீர் போகும், ஆனால் முழுக்கப் போகாது. குட்டைக் கயிற்றில் கட்டி, காற்றாடியில் சிக்காத தூரம் விட்டு, பின்பலகையின் நடுவில் முடிந்தாள். எஞ்சினை நடை வேகத்துக்கு இறக்கினாள்.

வாளி தண்ணீரை விழுங்கி இறுகியது. படகு, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்டதுபோல், வழுக்குவதை நிறுத்தியது. ஒரு விரற்கடை திருப்பினாள். வந்தது. விட்டாள். நின்றது.

கலம்பிர் கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கேக்குறேனேன்னு நினைக்காத. வால நறுக்குன குதிரைக்கு வால் கட்டுனா குத்தம் இல்லையா?"

"நான் எங்க கட்டுனேன்?"

"அது என்ன, வாளி இல்லையா?"

"அது படகுல இல்ல. பின்னாடி வருது. கூட வராதன்னு சொல்லமுடியுமா?"

"ஆமா," என்றாள் கலம்பிர் தீவிரமாக. "நானும் அப்படித்தான் வந்தேன்."

வலைபோடும் நாளன்று கிழக்குக் காற்று இருந்தது. அதிகமில்லை, நாணல் தலைகள் ஒரே பக்கம் சாயுமளவு. ஒராஸ்பெக் தன் படகைப் பட்டையின் கோடியில் நிறுத்தி, எழுந்து நின்றுகொண்டார். ஜுமாஷ் தன் மிதவைகளின் ஓரமாக, துடுப்பைக் குறுக்கே வைத்துக் காவலுக்கு இருந்தான். அவனுடைய மருமகனும் கூட இருந்தான். புதுத் தொப்பி போட்டிருந்தான். வாளியைப் பார்த்துவிட்டு, எதையோ தவறவிட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று ஜுமாஷ் கூவினான். உங்க தண்ணிக்கு வந்தா எடுத்து வச்சுக்கோங்க என்று கலம்பிர் பதில் கொடுத்துவிட்டு வலையின் முதல் கல்லை இறக்கினாள்.

பாதித் தூரம் வரை வலை கம்பி இழுத்ததுபோல் விழுந்தது. கலம்பிரின் கை தாளம் தப்பாமல் ஓடியது. கல், மிதவை, கல், மிதவை. தீவு முடிந்து காற்று திறந்த இடத்துக்கு வந்ததும் ஒரு வீச்சு படகின் மூக்கில் மோதியது. மூக்கு ஜுமாஷின் மிதவைகளைப் பார்த்துத் திரும்பியது. ரிஸ்தி ஒரு விரற்கடை திருப்பினாள். படகு கேட்கவில்லை. மிதவைகள் நெருங்கின, அவற்றில் ஒட்டியிருந்த பறவை எச்சம்கூடத் தெரிந்தது. ஜுமாஷ் துடுப்பைக் கையில் எடுத்தான். இன்னும் திருப்பு என்று அவள் தோள் சொன்னது, மணிக்கட்டு சொன்னது. கலம்பிரின் வாய் திறந்தது. அவளே தன் உதட்டைக் கடித்து மூடிக்கொண்டாள். ரிஸ்தி கையை அசைக்கவில்லை. கூப்பிட்டாகிவிட்டது. வரட்டும்.

பின்னால் வாளி இறுகியது. மூக்கு, ஒரு கிழவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுபோல, மெல்லத் திரும்பி வந்தது. நேராவதற்கு முன்னாலேயே ரிஸ்தி கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனாள். கல், மிதவை, கல், மிதவை. ஜுமாஷ் துடுப்பை மடியில் வைத்தான்.

கோடியில் கடைசிக் கல் இறங்கியதும் ஒராஸ்பெக் ஒரு கண்ணை மூடி மிதவை வரிசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து எஞ்சின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"மீன் ஏத்திட்டுத் திரும்புறப்ப அந்த வாளியத் தூக்கிப் படகுல போட்டுக்கோ," என்றார். "சும்மா பெட்ரோலக் குடிக்கும்."

தண்ணீரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஜுமாஷின் மருமகன் அந்தக் குளிர்காலத்தில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டான். பனி இறுகுவதற்குள் ரிஸ்தியும் கலம்பிரும் ஏற்றிய கெண்டையைத் தூக்கமுடியாமல் கொட்டகைப் பெண்கள் திட்டினார்கள். கலம்பிர் அவர்களுக்கு மேல் திட்டினாள்.

மறு வசந்தத்தில் துக்க வருஷம் முடிந்து வருஷச் சோறு போட்டார்கள். மேட்டு நிலத்திலிருந்து ஒரு குதிரை வந்தது, அதன் கறி வெந்தது, ஊரே உட்கார்ந்து தின்றது. ரிஸ்தி கடைசியாக ஒரு தடவை சுவரைப் பார்த்துப் பாடிவிட்டு எழுந்து, துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியை மடித்து வைத்தாள். விருந்தாளிகள் போன பிறகு படகைக் கவிழ்த்தார்கள். போரன்பாய் வெள்ளைத் துணியைப் பிரித்துத் தகட்டை எடுத்தான். தாரைச் சுரண்டிவிட்டு அவன் ஆணி அறைய, மறுபக்கத்தில் ரிஸ்தி சுத்தியலை முட்டுக்கொடுத்துப் பிடித்தாள். ஆணி அறைவது அவனுக்கு வரவில்லை. பாதி அடி தகட்டிலேயே விழுந்தது. தகடு கொஞ்சம் நசுங்கினாலும் நேராகவே நின்றது. தண்ணீரில் இறக்கியதும் போரன்பாய் முதல் தடவையாகப் படகில் ஏறி, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பட்டையின் கோடிவரை வந்தான். படகு அலையவில்லை. இவ்வளவுதானா என்று கேட்டான். இவ்வளவுதான் என்றாள்.

அவன் இறங்கிப் போன பிறகு தனியாக ஒரு தடவை மெதுவாக விட்டுப் பார்த்தாள். நேராகத்தான் போனது. ஆனால் உள்ளங்கையில் கைப்பிடி லேசாக வலப்பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தது. காற்றாடி ஒரே பக்கம் சுற்றுவதால் வருகிற அழுத்தம். அதற்குத் தகடும் ஒன்றும் செய்யாது, வாளியும் ஒன்றும் செய்யாது. எஞ்சினைப் பிடிக்கிறவர் கையில் அது தங்கிவிடும். துலெகென் பிடித்தபோது அவன் கையிலும் அப்படித்தான் அழுத்தியிருக்கும். இன்று அவள் கையில் அழுத்துகிறது.